ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பழுதும் பரிகாரமும்

மோட்டார் வண்டிகளின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலையின் வாசலிலே தொடங்கி, விற்பனைக் கூடத்தின் வாசலோடு முடித்துவிடுகிறார்கள். இன்ன வருஷத்தில் இன்ன ஸ்தாபனம் இன்ன வண்டியை வெளியிட்டது, அதன் எஞ்சின் இத்தனை சி.சி., அதன் வேகம் இத்தனை மைல் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் அந்தச் சரித்திரத்தில், வண்டி ஒரு குடும்பத்தின் வசமாகிப் பல வருஷங்கள் ஓடித் தேய்ந்த காலம் இடம்பெறுவதில்லை. அந்தத் தேய்மானத்தை ஒவ்வொரு தடவையும் சரிப்படுத்திக் கொடுத்த மேஸ்திரிகளும் இடம்பெறுவதில்லை. ஆனால், புது வண்டிக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்த ஒரு தேசத்தில், வண்டியின் உண்மையான ஆயுளை நிர்ணயித்தது பட்டறைதான். சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் செய்யப்பட்டு, 1961ஆம் வருஷம் முதல் நம் வீதிகளில் ஓடிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்னும் சிறிய காரின் கதையை அந்தப் பட்டறையின் பக்கத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன். அதற்கு என்னென்ன கோளாறுகள் நேர்ந்தன, அவற்றைத் தீர்க்க எவ்வளவு பிரயாசையும் செலவும் பிடித்தன என்று கவனித்தால், நல்ல வண்டி என்று பெயரெடுத்த ஒன்று அம்பாசடரைப்போலத் தேசமெங்கும் பரவாமல் நகரத்து வண்டியாகவே ஏன் நின்றுவிட்டது என்பதும் விளங்கும்.

ஹெரால்டின் பூர்விகம் இங்கிலாந்திலுள்ள காவென்ட்ரி நகரம். அங்கே ஸ்டாண்டர்ட்-டிரயம்ப் ஸ்தாபனத்தார் 1950களின் நடுவில் தங்கள் பழைய சிறு கார்களுக்குப் பதிலாக ஒரு புதிய வண்டியை உத்தேசித்தபோது, ஒரு பெரிய நிர்ப்பந்தம் குறுக்கே நின்றது. அவர்களுக்குக் கூடு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்னும் கம்பெனியை, போட்டியாளராகிய பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953இல் விலைக்கு வாங்கிவிட்டது. ஆகவே புதிய வண்டிக்கு முழுக் கூட்டையும் ஒன்றாக அழுத்திக் கொடுக்க ஆள் இல்லாமற்போயிற்று. அடிச்சட்டமும் கூடும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக இழைந்த வண்டிகளை மற்றவர்களெல்லாம் செய்யத் தொடங்கியிருந்த அந்தக் காலத்தில், இவர்கள் பழைய முறைப்படி தனிச் சட்டத்துக்குத் திரும்பி, அதன்மேல் கூட்டைப் பல துண்டுகளாகச் செய்வித்துப் போல்ட்டு போட்டு முடுக்கினார்கள். உருவத்தை வரைந்து கொடுத்தவர் இத்தாலியில் டூரின் நகரத்து ஜியோவான்னி மிக்கெலோட்டி. யந்திர அமைப்புக்குப் பொறுப்பேற்றவர் ஹாரி வெப்ஸ்டர். 1959இல் வெளிவந்த அந்த வண்டியின் முன்பாகம் முழுவதும், மட்கார்டும் விளக்கும் உட்பட, ஒரே மூடியாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். திறந்துவிட்டால் எஞ்சின் முழுவதும் நம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம். இருபத்தைந்து அடி விட்டத்துக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடும் என்பது அதன் மற்றொரு விசேஷம். இந்த இரண்டு குணங்களையும் அனுபவித்தவர்கள் வேறு எந்த வண்டியிலும் அவற்றைக் காணாமல் ஏங்கினார்கள் என்றால் அது மிகையாகாது.

வண்டி சென்னைக்கு வந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். யூனியன் கம்பெனி மோட்டார்ஸ் என்ற சென்னை ஸ்தாபனமும் இங்கிலாந்து ஸ்டாண்டர்ட் கம்பெனியும் கூடி 1948இல் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவை ஏற்படுத்தின. வான்கார்டு, ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட் என்று சில வண்டிகள் இங்கே பூட்டப்பட்டன. 1953இல் சுங்கத்தீர்வைக் கமிஷன், வண்டியின் பாகங்களை இந்தியாவிலேயே செய்யத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இடம் கொடுக்க வேண்டும் என்று சிபாரிசு செய்ததும், வெறுமனே பூட்டி விற்றுவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. அப்புறம் கார் வாங்க நினைத்த இந்தியனுக்கு மிஞ்சியவை கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாய் குர்லாவில் செய்த ஃபியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் என்ற மூன்றுதான். இங்கிலாந்தில் ஹெரால்டின் எஞ்சினை 1961இல் 1147 சி.சி.யாகவும், 1967இல் 1296 சி.சி.யாகவும் பெருக்கிக்கொண்டே போனார்கள். சென்னையிலோ முதலில் வந்த 948 சி.சி. எஞ்சினே கடைசிவரை நிலைத்தது. இதில் ஒரு நன்மையும் இருந்தது. பத்து வருஷத்துக்கு முந்திய வண்டிக்கும் நேற்று வெளிவந்த வண்டிக்கும் ஒரே பிஸ்டன், ஒரே வால்வு, ஒரே கேஸ்கட் என்ற நிலைமை பட்டறைக்காரனுக்குப் பெரிய சௌகரியம்.

பட்டறைத் தொழில் சென்னைக்குப் புதிதன்று. குதிரை வண்டி செய்பவர்களாக 1840இல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனியில், சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்து காட்டினார். கோச்சு வண்டிக்கு மரச்சட்டம் கட்டிய தச்சர்களும், இரும்புப் பட்டம் போட்ட கொல்லர்களும், மெத்தை தைத்தவர்களும் காலக்கிரமத்தில் பஸ் கூடு கட்டுகிறவர்களாகவும், டிங்கர்களாகவும், சீட்டுத் தைப்பவர்களாகவும் மாறினார்கள். உதிரிப் பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பிரித்துப் போட்ட பழைய சாமான்களுக்குப் புதுப்பேட்டை என்று இரண்டு சந்தைகள் நிலைபெற்றன. அங்கே கல்வி என்பது முழுக்க முழுக்கக் கைவழக்கம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வந்து சேரும் பையன் முதலில் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவான்; பிறகு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான்; சில வருஷங்கள் சென்றபின் சக்கரம் கழற்றவும், பிரேக்கு கட்டவும் கை நீட்டுவான்; எஞ்சினைத் தொட மேஸ்திரியின் அனுமதி எப்போது கிடைக்கும் என்பதை அவரே அறிவார். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, தட்டுவது டாப்பெட்டா, பிஸ்டனா, பேரிங்கா என்று பிரித்துச் சொல்லும் மேஸ்திரியின் ஞானத்தை எந்தக் கல்லூரியும் அளக்கவில்லை என்பது எனக்கு இன்றும் குறையாகவே படுகிறது.

இந்தக் கைகளுக்கு ஹெரால்டின் பெரும்பகுதி இலகுவாகவே வசப்பட்டது. கூடு துண்டு துண்டாகச் செய்யப்பட்டது என்றேன் அல்லவா? இடித்து நசுங்கிய பாகத்தை மட்டும் போல்ட்டைக் கழற்றி எடுத்து, தரையில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, மறுபடியும் முடுக்கிவிடலாம். ஒரே கூடாக இழைந்த வண்டியில் இந்தச் சுதந்தரம் கிடையாது. காவென்ட்ரியில் ஆள் கிடைக்காத கஷ்டத்தால் பிறந்த ஏற்பாடு இங்கே டிங்கருக்கு அனுகூலமாக முடிந்தது. ஆனால் இணைப்புகள் பெருகிய அளவுக்கு மழைநீர் கசியும் இடங்களும் பெருகின. டிக்கியின் தரையிலும், கதவுக்குக் கீழுள்ள தகட்டிலும், அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளிலும் துரு பற்றியது. சென்னையின் கடற்காற்று அதற்கு உடந்தை. மேல் தகடு பளபளவென்று பெயிண்ட் அடித்து நிற்க, அடியிலே சட்டம் அரித்துக்கொண்டிருக்கும் வண்டிகளை ஏமாந்து வாங்கியவர்கள் பலர்.

ஹெரால்டின் பெருமையும் சிறுமையும் சேர்ந்து குடியிருந்த இடம் அதன் பின் அச்சு. அம்பாசடரிலும் லாரியிலும் இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே உறுதியான குழாய் பிணைத்திருக்கும். பள்ளத்தில் ஒன்று இறங்கினால் மற்றதும் கூடவே சாயும். ஹெரால்டிலோ டிஃபரென்ஷியல் சட்டத்தோடு அசையாமல் பூட்டப்பட்டிருக்க, அதன் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு ஷாஃப்டுகள் பறவையின் சிறகுகளைப்போலத் தனித்தனியே மேலும் கீழும் ஆடும். இரண்டையும் தாங்க, வண்டியின் குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். சிறு காரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் சுதந்தரம் கொடுத்த இந்த ஏற்பாட்டால் நல்ல ரோட்டில் பிரயாணம் சுகமாயிருந்தது. வளைவில் வேகமாகத் திருப்பினால் பின் சக்கரம் உட்புறமாக மடங்கி, வண்டியைத் தூக்கிப்போடப் பார்க்கும் என்பது இங்கிலாந்திலேயே தெரிந்த குறை. ஆனால் நம் ஊரில் பிரச்னை வேகத்தால் வந்ததைக் காட்டிலும் பாரத்தால் வந்ததே அதிகம்.

நான்கு பேருக்காக உண்டாக்கிய வண்டியில் ஆறு பேரும் ஒரு மூட்டையும் ஏறுவது நம் குடும்ப வழக்கம். பட்டை சீக்கிரமே தளர்ந்து அமர்ந்துவிடும். அமர்ந்ததும் சக்கரங்களின் மேற்பாகம் உள்நோக்கிச் சாயும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து நூல் தெரியும். லாரிப் பட்டையில் பழகிய மேஸ்திரி இதற்குக் கண்ட பரிகாரம், கூடுதலாக ஒரு பட்டை வைத்துக் கட்டுவது. லாரிக்கு அது சரியான மருந்து. ஹெரால்டுக்கு அது வேறு வியாதியை உண்டாக்கிற்று. பாரம் இல்லாத சமயங்களில் பின்பாகம் தூக்கிக்கொண்டு நிற்க, சக்கரங்களின் மேற்பாகம் வெளியே விரிந்து, இப்போது டயரின் வெளிவிளிம்பு தேயும். வளைவில் மடங்கும் அபாயமும் முன்னிலும் அதிகமாகும். சரியான பரிகாரம், பட்டையை முழுவதும் இறக்கி, ஒவ்வொரு இலையையும் காய்ச்சி அடித்து, பழைய வளைவுக்குக் கொண்டுவந்து, உரிய பதம் ஏற்றி மறுபடியும் பூட்டுவது. அந்தப் பட்டையை இறக்குவதற்குப் பின் ஆசனத்தைக் கழற்றி, அதன் பின்னாலுள்ள மூடியைத் திறந்து, டிஃபரென்ஷியலின் தலைமேல் உள்ள முடுக்குகளை விடுவிக்க வேண்டும் என்ற ரகசியம் தெரியாதவர்கள் கீழே படுத்துக்கொண்டு ஒரு பகல் முழுதும் போராடுவார்கள். செலவில் பெரும்பகுதி அந்தப் பகலின் கூலி.

பட்டையைவிடக் கொடுமையானது பின் சக்கர பேரிங். சக்கரத்தைத் தாங்கும் ஹப், ஷாஃப்டின் முனையில் கூம்பு வடிவாகச் செருகி நட்டால் இறுக்கப்பட்டது. வருஷங்கள் செல்லச் செல்ல இரண்டும் ஓருடலாகிவிடும். அதைப் பிரிக்கக் காவென்ட்ரியார் பிரத்யேகமான புல்லர் ஒன்றை வைத்திருந்தார்கள். அதிகாரம் பெற்ற சர்வீஸ் நிலையங்களுக்கு அது கிடைத்தது, வெளியூர்ப் பட்டறைக்குக் கிடைக்கவில்லை. புல்லர் இல்லாதவன் என்ன செய்வான்? ஹப்பைத் தீயால் சூடேற்றுவான், பிறகு சம்மட்டியால் அடிப்பான். ஹப் வருவதும் உண்டு. ஷாஃப்டு வளைந்துபோவதும் உண்டு. உள்ளே இருக்கும் ஊசி பேரிங்கோ ஷாஃப்டின் மேலேயே நேராக உருள்வது. எண்ணெய்ப்பசை வற்றி, நீரும் மண்ணும் புகுந்து, பேரிங் கெட்டுவிட்டால் ஷாஃப்டிலும் பள்ளம் விழும். அப்போது பேரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஷாஃப்டையும் மாற்ற வேண்டும். சக்கரத்திலிருந்து கிளம்பும் ஓர் இரைச்சலை அலட்சியம் செய்ததற்கு, சிறிய பேரிங்கின் விலையோடு ஷாஃப்டின் விலை, கூலி, சாமான் வரும்வரை வண்டி சும்மா நிற்கும் நாட்கள் எல்லாம் சேர்ந்து தண்டமாகும். ஷாஃப்டின் உட்புற முனையிலுள்ள கிராஸும் தேய்வதே; கிளட்சை விட்டு வண்டி கிளம்பும்போது பின்னாலிருந்து ஒரு 'டொக்' கேட்டால் மேஸ்திரி குனிந்து பார்க்காமலே சொல்லிவிடுவார். இது மட்டும் எல்லா வண்டிக்கும் பொதுவானது ஆகையால் எந்த ஊரிலும் தீர்த்துக்கொள்ள முடிந்தது.

முன் சக்கரத்திலே மற்றொரு விசேஷ அங்கம். சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான நிமிர்ந்த தண்டின் அடிமுனையில் மரை வெட்டி, டிரனியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் திருகியிருப்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே சுழலும். அதற்கு இட வேண்டியது கியர் பெட்டிக்கு விடும் கனத்த எண்ணெய். ஆனால் அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் கிரீஸ் கன்னால் கிரீஸ் அடித்துப் பழகிய கை, இதற்கும் கிரீஸையே அடித்தது. கிரீஸ் மரையின் அடிவரை இறங்குவதில்லை. நாளடைவில் கெட்டிப்பட்டு, எண்ணெய்க்கும் வழி அடைத்துவிடும். உள்ளே நீர் தேங்கித் துருவேற, எஃகுத் தண்டு ஒரு நாள் முறியும். பெரும்பாலும் முறிவது வேகமாகப் போகும்போது அன்று. வண்டியை நிறுத்துவதற்காக ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போதுதான். அதனால் உயிர்ச்சேதம் அரிது. ஆனால் முன் சக்கரம் மடங்கி, மட்கார்டு தரையில் இடித்துக்கொண்டு வண்டி நடுவீதியில் மண்டியிடும் காட்சியைக் கண்டவர்கள், 'ஹெரால்டா, சக்கரம் கழன்று விழுமே' என்று ஊரெல்லாம் சொன்னார்கள். சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, சில துளி எண்ணெயைச் சரியான இடத்தில் செலுத்தியிருந்தால் அந்த அபவாதம் எழுந்திராது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேடு வீட்டு அலமாரியில் கிடந்தது. எண்ணெய் இடவேண்டிய பையனுக்கு அதைப் படித்துச் சொல்வார் இல்லை.

எஞ்சினைப் பற்றி அவ்வளவு குறை சொல்வதற்கில்லை. 63 மில்லிமீட்டர் விட்டமும் 76 மில்லிமீட்டர் ஓட்டமும் உடைய நான்கு சிலிண்டர், முழுவதும் வார்ப்பிரும்பு, 1953ஆம் வருஷத்து ஸ்டாண்டர்ட் எய்ட் காரின் எஞ்சினிலிருந்து வளர்ந்த பழகிய சரக்கு. நம் ரோட்டுப் புழுதியில் சிலிண்டர் தேய்ந்து, வண்டி நீலப்புகை கக்கத் தொடங்கியதும், "சார், வண்டி ஆயில் அடிக்குது, ரிங் மாத்தினா பத்தாது, போர் போட்டுடணும்" என்று மேஸ்திரி தீர்ப்புச் சொல்வார். உடனே எஞ்சின் லேத்துக்குப் போகும். சிலிண்டரைப் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று ஆயிரத்திலொரு அங்குலக் கணக்கில் அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். அதற்குமேல் இடமில்லாதபோது லைனர் இறக்கி, பழைய அளவுக்கே கொண்டுவந்து, முதலிலிருந்து தொடங்குவார்கள். இப்படி ஒரே எஞ்சின் பல பிறவிகள் எடுத்தது. இதற்கு வேண்டிய சாமான் சென்னை ராஜ்யத்திலேயே விளைந்தது என்பதை மறக்கக் கூடாது. 1949இல் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கிற்று; 1961இல் கோயமுத்தூரில் பைமெட்டல் பேரிங்ஸ் ஏற்பட்டது; பாடியிலே லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா என்று ஸ்தாபனங்கள் 1960களின் தொடக்கத்தில் வரிசையாக எழுந்தன. வெளிநாட்டுச் செலாவணி கிடைக்காத அந்த நாட்களில், இந்த ஆலைகள் செய்த பாகத்துக்கு எளிதில் பரிகாரம் உண்டு. செய்யாத பாகத்துக்குப் புதுப்பேட்டையோ, லேத்துக்காரனின் சாமர்த்தியமோதான் கதி.

எஞ்சினில் ஒரு சிறு அங்கம் மட்டும் பெருநஷ்டம் விளைவிக்கக்கூடியது. கிராங்க் ஷாஃப்டு முன்பின்னாக நகராமல் தடுக்க, கடைசி பேரிங்கின் இரு பக்கத்திலும் அரைவட்டமான இரண்டு திரஸ்ட் வாஷர்கள் உண்டு. கிளட்சை மிதிக்கும் போதெல்லாம் அந்த அழுத்தத்தைத் தாங்குவது அவைதான். கிளட்ச் மேல் எப்போதும் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கமுடைய டிரைவரிடம் அவை சீக்கிரம் தேயும். தேய்ந்து மெலிந்து கீழே நழுவி எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிட்டால், கிராங்க் ஷாஃப்டு எஞ்சின் பிளாக்கையே உரசி அரித்துவிடும். ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றொருவர் முன்னால் நின்று ஃபேன் பெல்ட் சுழலும் கப்பி நகர்கிறதா என்று பார்த்தால் போதும். வியாதியை ஆரம்பத்திலேயே கண்டுகொள்ளலாம். வாஷரின் விலை அற்பம்; எஞ்சினைப் பிரிக்காமல், அடித்தொட்டியை மட்டும் இறக்கிப் புது வாஷரைச் செருகிவிடவும் முடியும். பிளாக் கெட்டபின் வரும் செலவோ, வண்டியை விற்றுவிடலாமா என்று சொந்தக்காரரை யோசிக்க வைத்தது. கியர் பெட்டியிலும் பலவீனம் உண்டு. முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது; இரண்டாவது கியரின் வளையம் தேய்ந்து, மாற்றும்போது கரகரக்கும். அந்தப் பெட்டியைக் கீழ்வழியாக எடுக்க வேண்டியதில்லை. முன் ஆசனங்களையும் நடு மூடியையும் கழற்றிவிட்டு, வண்டிக்குள்ளிருந்தே மேலே தூக்கி எடுத்துவிடலாம். குழிவெட்டிய தரையில்லாத மரத்தடிப் பட்டறைக்கு இதைவிட உபகாரம் வேறில்லை.

மற்றவை எல்லா வண்டிக்கும் உள்ள வழக்கமான தொந்தரவுகள். கிணற்று உப்புநீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டரும் எஞ்சினின் நீர்வழிகளும் அடைத்து, சித்திரை வெயிலில் வண்டி கொதிக்கும். அதற்காகத் தெர்மோஸ்டாட்டையே பிடுங்கி எறிந்துவிடுவது பட்டறை வழக்கம். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் உரிய திரவத்தை விடாமல் கையில் கிடைத்த எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெடும். பாயிண்ட், காண்டென்சர், டைனமோ பிரஷ் இவற்றை வீட்டு டிரைவரே மாற்றிக்கொள்வார்.

செலவு என்ற விஷயத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பட்டறைக் கணக்கில் கூலி மலிவு, சாமான் விலை அதிகம். ஆகவே எதையும் தூக்கி எறிய மனம் வராது. தேய்ந்த துவாரத்தில் புஷ் அடித்து, ஒடிந்ததை வெல்டு வைத்து, பற்கள் போனதைக் கட்டி மறுபடியும் வெட்டி ஓட்டுவதே லாபம். இந்த முறைக்கு மிகவும் ஒத்துப்போனது அம்பாசடர். கனத்த பாகங்கள், எளிய அமைப்பு, லாரியிலிருந்து சிறிதே மாறுபட்ட பின் அச்சு. திருநெல்வேலிச் சீமையின் எந்தச் சிற்றூரில் அது நின்றுபோனாலும், லாரி மெக்கானிக் ஒருவர் அதைக் கிளப்பி அனுப்பிவிடுவார். ஹெரால்டின் பாகங்கள் அம்பாசடரின் பாகங்களைவிட விலை கூடியவை என்பதற்கில்லை. ஆனால் அதைப் பழுதுபார்க்க வேண்டிய ஞானம் சிலரிடமே இருந்தது. அந்தச் சிலரும் சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் இருந்தார்கள். வெளியூரில் ஹெரால்ட் வைத்திருந்தவர் கொடுத்த செலவில் பாதி, தெரியாத கை செய்த தவறைத் தெரிந்த கையைக் கொண்டு திருத்துவதற்கான செலவு. நான் அறிந்தவரை இந்த வண்டியின் விதியை நிர்ணயித்த முதற்காரணம் இதுவே.

தொழிற்சாலைக்கும் இது தெரியாமலில்லை. உள்நாட்டிலேயே செய்த பாகங்கள் பெருகிவந்த காலத்தில், 1960களின் பிற்பகுதியில், நம் குடும்பங்களின் தேவைக்காக நான்கு கதவுள்ள ஹெரால்டை வெளியிட்டார்கள். இங்கிலாந்திலும் இல்லாத வண்டி அது. பின்பு 1970களின் தொடக்கத்தில் கஸல் என்ற பெயரோடு வந்த வாரிசில், சிறகடிக்கும் பின் அச்சையே விட்டுவிட்டு, மற்ற வண்டிகளைப்போல உறுதியான ஒரே அச்சை வைத்தார்கள். அந்த மாற்றத்தைப் பட்டறைகளிலிருந்து பத்து வருஷங்களாக எழுந்த முறையீட்டுக்கு ஆலை கொடுத்த பதில் என்றே கொள்கிறேன். ஆனால் பதில் தாமதித்து வந்தது. 1969இல் அரசாங்கம் கார்களின் விலைக்கு உச்சவரம்பு கட்டியிருந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் விலை ஏறிக் கார் வாங்குவோர் குறைந்தனர். கஸல் சொற்ப எண்ணிக்கையிலே வெளிவந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நின்றது. வேன்களைச் செய்து காலந்தள்ளிய கம்பெனி 1985இல் ரோவர் காரின் கூட்டில் பழைய வான்கார்டு வம்சத்து இரண்டு லிட்டர் எஞ்சினைப் பூட்டி ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒன்றை வெளியிட்டது. பெட்ரோலைக் குடித்த அந்த வண்டியும் 1988இல் முடிந்தது. இங்கிலாந்தில் 1963லேயே கைவிடப்பட்ட ஸ்டாண்டர்ட் என்ற பெயர், கால் நூற்றாண்டு அதிகமாகச் சென்னையில் வாழ்ந்து மறைந்தது.

இதற்கிடையே 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. கெட்ட பாகத்தைச் செப்பனிடாமல் அப்படியே மாற்றிவிடும் வழக்கம் அதனோடு வந்தது. புஷ் அடிப்பதும், காய்ச்சிப் பட்டை நிமிர்த்துவதும், திரும்பத் திரும்பப் போர் போடுவதும் மெல்ல அருகின. ஹெரால்டில் தேர்ந்த மேஸ்திரிகள் முதுமையடைந்தார்கள். அவர்களிடம் பயின்ற பையன்கள் புது வண்டிகளுக்குப் போனார்கள்.

ஆயினும் ஹெரால்டுகள் இன்னும் சில நல்ல கைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் இந்த வண்டிமேல் பற்றுக்கொண்டவர்கள் நிறைய இருப்பதால், டிரனியன், திரஸ்ட் வாஷர், பின் சக்கர பேரிங் முதலியவை அங்கே இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. தபால் கட்டணமும் சுங்கவரியும் சேர்ந்து விலை ஏறினாலும், முன்போல இறக்குமதி லைசென்சுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய ஹெரால்ட் ஒன்றை இப்போது வாங்குகிறவர் முதற்பணத்தைப் பெயிண்டுக்கும் மெத்தைக்கும் செலவிடுவதைக் காண்கிறேன், அது வருந்தத்தக்கது. முதலில் கார்ப்பெட்டைத் தூக்கி அடிச்சட்டத்தின் கைகளைச் சுத்தியால் தட்டிப் பார்க்கட்டும். பிறகு முன் டிரனியன்களைப் பிரித்துத் தண்டின் மரையில் துரு இருக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் தண்டையும் சேர்த்து மாற்றட்டும். அப்புறம் பின் ஹப்புகளை, உரிய புல்லர் உள்ளவரைத் தேடிப் பிடித்து, அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துக் கழற்றுவிக்கட்டும். கியர் எண்ணெய் ஒரு டப்பாவும், அதைச் செலுத்தத் தனியாக ஒரு கன்னும் வண்டியிலேயே இருக்கட்டும். அந்தக் கன்னில் கிரீஸ் மட்டும் ஒருநாளும் ஏறக் கூடாது.